ஏழடிக் கோடு

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று வரலாறுகள் வழங்குகின்றன. என் கணவர் சொல்வது ஒன்று. நான் சொல்வது ஒன்று. அப்போது சிறுமியாயிருந்த எங்கள் மகள் சொல்வது மற்றொன்று. மூன்றையும் கலந்து எழுதினால் வாசிக்க இனிதாயிருக்கும், உண்மையாயிராது. ஆகையால் ஒரு வரையறையை மேற்கொள்கிறேன். கணவரின் சட்டைப்பைக் குறிப்பேட்டிலோ, என் பாடக் குறிப்பேட்டிலோ, மருத்துவமனை அட்டையிலோ எழுத்தில் உள்ளவையும், எங்களுள் இருவரேனும் தனித்தனியே ஒரே வகையாக நினைவுகூர்பவையும் மாத்திரமே இங்கு இடம்பெறும். ஒருவர் நினைவில் மட்டும் உள்ளதைச் சொல்ல நேர்ந்தால் அப்படியே சொல்லிவிடுவேன். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காருவது என்பதைப் பற்றி இரண்டாண்டுக் காலம் வழக்காடிய நாங்கள், நன்றாய்ப் பொருந்தியது என்பதற்காகவே இரண்டு பிழையான விளக்கங்களை நம்பி, எங்கள் மகளுக்குக் காது கேளாததை அறியாமலே இருந்தோம்.

கண்டி நகரிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியில், இடப்புறமாகப் பிரியும் ஒழுங்கையொன்றில், மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கணவர் அரசாங்க அலுவலகமொன்றில் நிலப்படம் வரைபவர். நான் பெண்கள் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்தேன். இருவரும் யாழ்ப்பாணத்தார். கீழ்த்தளத்தில் வீட்டுக்குச் சொந்தக்காரர். நகரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தார். ஒழுங்கையின் எதிர்ப்புறத்தில் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது ஐந்து நாள் எங்களைத் தங்கள் களஞ்சிய அறையில் வைத்துக் காத்தவர்கள் அவர்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது.

அதன்பின் மூன்றாண்டு கழிந்து, வடக்கில் போர் முற்றியிருந்த காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினோம். பொழுதுபோக்கு எங்கள் நோக்கமன்று. என் பெற்றோரும் கணவரின் தமையனாரும் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். கடிதம் வந்துசேர வாரக்கணக்காகும். சில கடிதங்கள் வருவதேயில்லை. மாலைத் தமிழ்ச் செய்தியில் ஊரின் பெயர் அடிபட்டால், என்ன நடந்தது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம் என்று எண்ணினோம்.

பெட்டியோடு ஒரு கையேடு வந்தது. திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தொலைவில் அமர்வது நன்று என்று அதில் ஒரு வரி இருந்தது. வேறொருவராயின் அவ்வரியை வாசித்துவிட்டுக் கையேட்டை அலுமாரியில் போட்டிருப்பார். என் கணவர் நாள்முழுதும் அடியும் அங்குலமுமாக வாழ்பவர். அளவுநாடாவை எடுத்தார், திரையின் உயரம் பன்னிரண்டு அங்குலம், ஆறு மடங்கு ஆறடி, வளரும் பிள்ளையின் கண் என்பதால் பாதுகாப்புக்கு ஓரடி கூட்டி ஏழடி என்று முடிவுசெய்தார். சிவப்புச் சீமெந்துத் தரையில் முதலில் வெண்கட்டியால் கோடு கீறினார். வாரந்தோறும் தரை மினுக்கும்போது அது அழிந்துபோயிற்று. நான்காம் வாரம் எல்லைக்கற்களில் இலக்கமிடும் வகையான வெள்ளைப் பூச்சால், மட்டக்கோல் வைத்து, ஓரங்குல அகலத்தில் வரைந்துவிட்டார். அதற்குப் பின்னால் இரண்டு கதிரைகள். கதிரைகளுக்கு நடுவே, கோட்டை ஒட்டி, மகளுக்கு ஒரு பாய். வந்தவர்களெல்லாம் அது என்ன கோடு என்று கேட்பார்கள். அவர் கணக்கை விளக்குவார். நான் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

கோட்டுக்கு மாறான ஒன்றையும் நாங்களே செய்துகொண்டோம். தமிழ்ச் செய்தியோ தமிழ்ப்படமோ தொடங்கினால், ஒலியை மிகவும் குறைத்துவிடுவோம். கூடத்தின் யன்னல் ஒழுங்கைப் பக்கம் திறப்பது. சிங்கள நாடகம் போகும்போதும் ஆங்கில நிகழ்ச்சி போகும்போதும் ஒலி தாராளமாய் இருக்கும். தமிழ் தொடங்கியதும் கணவர் எழுந்து குமிழைத் திருகுவார். பேசுபவர் பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசுகிறார் என்பதை அறிய உடம்பையே காதாக்கிக் கொள்ளவேண்டும். இருவரும் கதிரை நுனியில் அமர்ந்து, முழங்காலில் முழங்கையூன்றி, பெட்டியை நோக்கிக் குனிந்திருப்போம். எதிர்வீட்டாரோ ஒழுங்கையில் போவோரோ ஒலியைக் குறைக்கும்படி எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இது நாங்கள் இருவரும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இந்த ஏற்பாட்டில் முதல் மாதமே சிக்கல் தொடங்கியது. செய்தி ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் மகள் பாயைவிட்டு முன்னே நகர்வாள். அமர்ந்தபடியே, யாரும் காணாதவாறு, சிறிது சிறிதாக நகர்ந்து, வானிலை சொல்வதற்குள் பெட்டிக்கு மூன்றடி தொலைவில் இருப்பாள். கணவர் கோட்டைக் காட்டுவார். அவள் பின்னே வருவாள். மறுபடியும் நகர்வாள். ஊரின் பெயரைச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இவர்கள் இருவருக்கும் வழக்கு மூளும். நான் செய்தியை இழப்பேன்.

"பிள்ளை, கோடு எதுக்குப் போட்டிருக்கு?"

"நான் கோட்டிலைதானே இருந்தனான்."

"இருந்தனீ. இப்ப எங்கை இருக்கிறாய்?"

"பாய் வழுக்குது அப்பா."

பாய் வழுக்கவில்லை. அவர் பாயின் இரு மூலைகளையும் கதிரைக் கால்களின்கீழ் வைத்து அழுத்தினார். அவள் பாயைவிட்டு இறங்கி வெறுந்தரையில் நகர்ந்தாள். ஒருநாள் பொறுமையிழந்து, அவளைத் தூக்கி என் கதிரையில் இருத்தி, நான் பாயில் அமர்ந்தேன். அன்று அவள் பத்து நிமிடம் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்ப் படம் கீறிக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்று எண்ணினேன்.

கணவரின் கொள்கை எளியது: அவளுக்குக் கண் மங்குகிறது, கிட்டப் போவதால் மேலும் மங்குகிறது. என் கொள்கையைச் சொல்ல இன்றும் கூசுகிறது. சிங்கள நாடகம் நடக்கும்போது அவள் கோட்டைத் தாண்டுவதேயில்லை என்பதை நான் கவனித்தேன். ஆங்கிலக் கேலிச்சித்திரத்துக்கும் தாண்டுவதில்லை. தமிழ் வந்தால் மாத்திரமே நகர்கிறாள். தமிழ்ப்பிள்ளைகள் தமிழை மறந்துபோகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஓயாமல் வருந்துபவள் நான். என் கண்ணெதிரே ஒரு பிள்ளை தமிழ் ஒலித்ததும் அதனை நோக்கி நகர்கிறாள் என்றால், அதற்கு நான் என்ன பொருள் கொள்வேன்? பாடக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அந்நாளில் எழுதிய வரி இன்றும் இருக்கிறது: "பிள்ளை தமிழுக்கு முன்னகர்கிறாள், கற்பியாமலே வந்த பற்று."

ஆகவே நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். படம் முடியும்வரைக்கும் விடுங்கோவன் என்பேன். அவர் விடமாட்டார்.

"உமக்குத் தமிழ் எண்டால் எல்லாம் சரி," என்றார் ஒருமுறை. "கண் போனால் பிறகு அந்தத் தமிழை என்னத்தாலை வாசிக்கிறது?"

 எனக்குச் சினமே மூண்டது.

கண் மருத்துவரிடம் கொண்டுபோனோம். சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட அவள் தடையின்றி வாசித்தாள். கண்ணில் குறையொன்றுமில்லை என்றும், கிட்ட இருந்து பார்ப்பதால் கண் களைக்கலாமேயன்றிக் கெட்டுப்போவதாகத் தாம் அறிந்ததில்லை என்றும் அவர் சொன்னார். பேருந்து நிலையத்துக்கு நடந்து வரும்போது கணவர், "இன்னும் பழுதாகேல்லை எண்டு சொல்லுறார்" என்றார். "இன்னும்" என்ற சொல்லை மருத்துவர் சொல்லவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோடு இருந்தவாறே இருந்தது.

இரண்டாம் ஆண்டில் மகள் மூன்றாம் வகுப்பில், நான் கற்பித்த பாடசாலையிலேயே படித்தாள். வகுப்பாசிரியர் அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார். என் சக ஆசிரியரின் கையெழுத்தில் அச்சொல்லைக் காண எனக்கு மானக்கேடாயிற்று. சொல்வதெழுதுதலில் அவள் விட்ட சொற்களைப் பத்துப் பத்து முறை எழுதச்செய்தேன். வீட்டில் நானே எதிரே அமர்ந்து சொன்னபோது ஒரு சொல்லும் விடவில்லை. ஆகவே கவனக்குறைவுதான் என்பது உறுதியாயிற்று என்று நினைத்தேன். பேசுபவர் முகத்தை நேரே நோக்கிக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. நல்ல பண்பு என்று பிறரிடம் அதைப் புகழ்ந்தும் இருக்கிறேன்.

இதில் என்னால் பொறுக்கமுடியாதது வேறொன்று. அதே ஆண்டில், என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி தலையை ஒருபுறம் சாய்த்துக் கேட்பதைக் கண்டு, பத்து நாளுக்குள் அவளை முன்வரிசைக்கு மாற்றி, தாயை அழைத்துச் செவியைச் சோதிக்கச் சொன்னவள் நான். அது குறிப்பேட்டில் நாளிட்டு எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குள் கண்டுபிடித்ததை, ஏழடி நீளத்துள் நான் காணவில்லை. வகுப்பறையில் மற்றப் பிள்ளைகள் நிமிர்ந்திருந்தார்கள். ஆகையால் சாய்ந்த தலை தெரிந்தது. எங்கள் கூடத்தில் எல்லோருமே குனிந்திருந்தோம்.

முதலில் கண்டவர் கீழ்வீட்டு அம்மையார். ஒருநாள் பாடசாலையில் கூட்டம் இருந்தமையால் சாவியை அவரிடம் கொடுத்து, மகள் வந்தால் கொடுக்கும்படி சொல்லியிருந்தேன். மாலை நான் திரும்பியபோது மகள் பூட்டிய கதவின்முன் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிநேரத்துக்கு மேலாக அங்கேயே இருந்திருக்கிறாள். கீழே போய் ஏன் சாவி வாங்கவில்லை என்று கடிந்துகொண்டேன். சாவி கீழே இருப்பது தனக்குத் தெரியாது என்றாள். அதற்குள் அம்மையார் சாவியோடு படியேறி வந்தார்.

"டீச்சர், நான் ஒண்டு சொன்னா மனசுல வெக்காதீங்க," என்றார். "புள்ள படியேறக்குள்ள மூணு தரம் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. முந்தியும் இப்பிடித்தான். திமிருண்டு நெனச்சிட்டு நானும் சும்மா இருந்தேன். இண்டைக்கு அடுப்புல சட்டி, ஏறி வர ஏலாம கீழ நிண்டே பார்த்துட்டு இருந்தேன். நாய் ஒண்டு பொறத்தால நிண்டு கொலச்சிது. அதுக்கும் திரும்பல்ல. திமிரு இல்ல டீச்சர். காதக் காட்டுங்க."

நன்றி சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. சொல்லவில்லை என்று அவர் பின்னர் ஒருமுறை சிரித்துக்கொண்டே குறிப்பிட்டார்.

அன்று மாலை கணவர் வருமுன் செய்தி தொடங்கியது. யன்னலைச் சாத்தினேன். தமிழ்ச் செய்திக்கு ஒருநாளும் வைக்காத அளவுக்கு, சிங்கள நாடகத்துக்கு வைக்கும் அளவுக்கு, ஒலியை உயர்த்தினேன். மகள் பாயில் அமர்ந்தாள். நான் செய்தியைக் கேட்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நகரவில்லை. முதற்செய்தி, இரண்டாம் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, எதற்கும் நகரவில்லை. கோட்டில் கால்பெருவிரலை வைத்தபடி இருந்தாள். அவளருகே போய், முகத்துக்கு நேரே அமர்ந்து, இரண்டாண்டில் இருவருள் ஒருவரும் கேளாத கேள்வியைக் கேட்டேன்.

"இண்டைக்கு ஏன் பிள்ளை கிட்டப் போகேல்லை?"

"இண்டைக்குத்தான் கேக்குதே."

"மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலை வாயைப் பாத்துத்தான் விளங்கும். கோட்டிலை இருந்தால் வாய் வடிவாத் தெரியாது."

"அப்ப ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் அப்பிடித்தானே அம்மா. நீங்களும் அப்பாவும் குனிஞ்சு குனிஞ்சுதானே பாக்கிறனீங்கள்."

கணவர் படியேறும்போதே ஒலியைக் கேட்டுவிட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து குமிழைத் திருகிக் குறைத்தார். ஒழுங்கை முழுக்கக் கேக்குது, உமக்கென்ன விசரே என்றார். நடந்ததைச் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு தொலைக்காட்சியை நிறுத்தி, மகளைச் சுவரைப் பார்த்து நிற்கச் செய்தார். பின்னால் நின்று, வழக்கமான குரலில், ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி அவளிடம் கூறியிருந்தார். ஏழடியில் அவள் பேசாதிருந்தாள். ஆறடியில் பேசாதிருந்தாள். ஒவ்வோர் அடியாக முன்னே வந்தார். நான்கடியில் அவள் "ஒன்பது" என்றாள். பிறகு அவளது இடச்செவியைக் கையால் பொத்தி மீண்டும் தொடங்கினார். அவளுடைய தோளருகே வந்து நின்றும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டு முடிந்ததா என்று கேட்டாள். குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில், சாயாத அவருடைய எழுத்தில், "இடம் 4 அடி. வலம் இல்லை" என்று இருக்கிறது. அதை எழுதும்போது அவர் அளவுநாடாவைத் தரையில் விரித்தே வைத்திருந்தார்.

செவிச் சிகிச்சைப் பிரிவில் பார்த்த மருத்துவர் சிங்களவர், பொறுமையானவர். வலச்செவிப்பறை பழுதடைந்து, உள்ளே நெடுநாட் சீழ் இருந்த அடையாளம் இருப்பதாகவும், வலச்செவியில் கேட்கும் திறன் மீளும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும், இடச்செவியைக் காத்துக்கொள்வதே இனிச் செய்யவேண்டியது என்றும் சொன்னார். எப்போது தொடங்கியது, முதன்முதல் காது வலித்தது எப்போது, சீழ் வடிந்ததா என்று கேட்டார். கணவர் பழக்கத்தினால் குறிப்பேட்டை எடுத்தார். தாள் தாளாகப் புரட்டினார். கூரைமேலிருந்த அலைவாங்கிக் கம்பியை எத்திசைக்கு எவ்வளவு திருப்பியது, பெட்டியின் உயரம், கோட்டின் தொலைவு, மறுபூச்சுப் பூசிய நாள் எல்லாம் அதில் இருந்தன. செவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருத்துவர் காத்திருந்தார். கணவர் குறிப்பேட்டை மூடினார்.

அப்போது நான் களஞ்சிய அறையைப் பற்றிச் சொன்னேன். கலவர நாள்களில் அங்கே மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இது எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது. வெளியே போகமுடியாது, மருந்தில்லை, எதிர்வீட்டு அம்மையார் கொத்தமல்லி அவித்துத் தந்தார். அவள் அழுதபோது ஒலி வெளியே போகாதபடி நான் அவளுடைய வாயைக் கையால் பொத்தினேன். இதுவும் இருவருக்கும் நினைவிருக்கிறது. அவள் வலச்செவியைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்பது என் நினைவு மாத்திரம். கணவருக்கு அப்படி நினைவில்லை. ஆகவே அதை ஐயத்துடனேயே சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டார். அட்டையில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார்.

வீடு திரும்பியபின் நடந்ததையும் மறைக்காமல் எழுதவேண்டும். பிள்ளைக்குக் கேட்கும்படி இனி ஒலியைக் கூட்டிவைப்போம் என்றேன். தெற்கில் குண்டு வெடிப்பதும் வடக்கில் விமானம் போவதுமாக இருந்த வாரம் அது; வீதியில் சோதனை இருந்தது. கணவர் யன்னலைப் பார்த்தார். 

"பாயைக் கிட்டப் போடுவம்," என்றார். "சத்தத்தைக் கூட்ட வேண்டாம்."

நான் மறுக்கவில்லை. இரண்டாண்டு எல்லாவற்றுக்கும் மறுத்து நின்றவள், இதற்கு மறுக்கவில்லை. பெட்டியிலிருந்து மூன்றடியில் பாயைப் போட்டோம். செய்தி வாசிப்பவரின் வாய் அங்கிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று கணவரே தரையில் அமர்ந்து பார்த்துச் சரிசெய்தார். சில மாதத்தில் இடச்செவிக்குக் கருவி கிடைத்தது. அவள் அதை அணிந்தும் பாயிலிருந்தே பார்த்தாள். நாங்கள் கதிரைகளில், முன்போலவே, குனிந்திருந்தோம். ஒலி முன்னிருந்த அளவிலேயே இருந்தது.

இன்று அவளுக்கு வலச்செவி கேளாது. இடச்செவி கருவியின் துணையால் கேட்கிறது. அவள் பேசுவோரின் இடப்புறமாக அமராமல் வலப்புறமாக அமர்கிறாள். தன் இடச்செவி அவர்கள்பக்கம் இருக்கவேண்டும் என்பதற்காக. இக்கட்டுரையை வாசித்து, பாய் வழுக்குது என்று தான் சொன்னது உண்மையே என்றும், மற்றவற்றில் தனக்கு வழக்கில்லை என்றும் கூறினாள்.

அறியாதவை பின்வருமாறு. அவளுடைய செவி எந்த ஆண்டில் கெடத் தொடங்கியது என்பது தெரியாது. அது களஞ்சிய அறையின் காய்ச்சலோடு தொடங்கியதா, பின்னர் நாங்கள் கவனியாத வேறொரு நோவினாலா என்பதும் தெரியாது. பெட்டி வாங்கிய முதல் மாதத்திலேயே கொண்டுபோயிருந்தால் வலச்செவி எஞ்சியிருக்குமா என்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. தமிழ்ச் செய்தியை உரக்க வைத்திருந்தால் அந்த ஒழுங்கையில் எவரேனும் ஏதேனும் செய்திருப்பார்களா என்பதும் எங்களுக்குத் தெரியாது.